இன்னும் பன்னிரண்டு நாள்

நவம்பர் 18

இன்னும் பன்னிரண்டு நாள். தண்டனைக் காலம் முடிந்து ஐந்து வருஷம் சுத்தமாக இருந்தால், திருட்டு லாரி பாகம் விற்ற அந்தப் பழைய வழக்கைப் பதிவிலிருந்தே அழிக்க மனுப் போடலாம். அழிந்தால்தான் டெஸ்ஸாவை எங்களிடம் தருவார்கள். என் அக்கா இறந்துபோனதிலிருந்து அவள் பெற்ற ஆறு வயசுப் பிள்ளை யார் வீட்டிலோ சாப்பிடுகிறது.

வக்கீலம்மா இன்றும் சொன்னார்: "ஹார்லன், அதுவரைக்கும் வாலைச் சுருட்டிக்கிட்டு இருங்க. புதுசா ஒரு வழக்கு வந்தா மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்."

நவம்பர் 19

ஆளே இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

நவம்பர் 26

மான் வேட்டைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். புத்தி எங்கே போச்சு எனக்கு? என் மனைவி லோர்னாவின் அண்ணன் வேட், "சும்மா கூட நட" என்றான். மரத்துப் பரணில் ஏறும்போது துப்பாக்கியை நீட்டினான்.

"ஒரு நிமிஷம் புடி மாப்ள."

தண்டனை பெற்றவன் துப்பாக்கியைத் தொட்டாலே குற்றம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "கீழ வச்சிட்டு ஏறு மச்சான்."

"மான் வந்து சாட்சி சொல்லுமாடா?"

திட்டிக்கொண்டே அதோடு ஏறினான். வழுக்கி விழுந்தான் — தோள் எலும்பு முறிந்தது. துப்பாக்கி புதரில் போய் விழுந்தது. அவனை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நவம்பர் 27

லோர்னா காலையில் கேட்டாள்: "எங்கண்ணன் தோளவிட ஒரு காயிதம் பெருசாப் போச்சா உனக்கு?"

காயிதமா அது? டெஸ்ஸா இல்லையா?

நவம்பர் 30

மனுப் போட்டாச்சு.

பிப்ரவரி 3

ஐயோ. ஆஸ்பத்திரிக் குறிப்பில் "வேட்டை விபத்து, உடன் வந்தவர் ஹார்லன்" என்று இருக்கிறதாம். நானும் துப்பாக்கி தூக்கினேனா என்று கேட்டு அரசு வக்கீல் ஆட்சேபம் போட்டிருக்கிறார். தொடவில்லை என்பதற்கு எதைக் காட்டுவது? ஒரே சாட்சி வேட். அவன் என் முகத்தில் விழித்தே இரண்டு மாதம் ஆகிறது.

மார்ச் 9

வேட் கோர்ட்டுக்கு வந்தான். என்னைப் பார்க்கவேயில்லை. அரசு வக்கீல் கேட்டதுதான் தாமதம், வெடித்தான்: "இவனா தொட்டான்? ஒரு நிமிஷம் புடின்னேன், மாட்டேன்னுட்டான்! எங்கப்பாவோட துப்பாக்கி மூணு நாள் மழையில கெடந்து துரு புடிச்சுப் போச்சு. அதக்கூட எடுத்துட்டு வரல, பாவி!"

துருப்பிடித்த துப்பாக்கியின் படத்தையும் போனில் எடுத்துக் காட்டினான். நீதிபதி சிரிப்பை அடக்க இருமினார். பிறகு வழக்கை அழிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

மே 14

டெஸ்ஸா எங்களிடம் வந்தாச்சு. பூங்காவுக்குப் போனோம், வேட்டும் வந்தான். டெஸ்ஸா சறுக்குமரத்தில் ஏறும்முன் பொம்மையை என்னிடம் நீட்டினாள். "ஒரு நிமிஷம் புடிங்க மாமா."

"குடுக்காத குட்டி, மழையில போட்டுட்டு வந்துடுவான்" என்றான் வேட்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.