எட்டு மணி நேரம் நீ ஆற்றிய தண்ணீர்

தொட்டித் தண்ணீருக்குள் காற்றைக் குமிழியாக விடும் காற்றுக்கல் ஒன்று அடைத்துக்கொண்டது. மாற்றுக்கல் தேடி மாடியில் கிடந்த பழைய சாக்குக்குள் இன்று காலை கைவிட்டேன். கல் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் டீ கப் வந்தது. ஊசியைச் சுடவைத்துச் சுற்றிலும் குத்திய ஓட்டைகள், ஒன்றுகூட வரிசையில் இல்லை. நான் குத்தியிருந்தால் ஸ்கேல் வைத்துக் குத்தியிருப்பேன். அது உன் கைவேலை.

நான் கடிதம் எழுதும் ஆள் இல்லை. எழுதினாலும் நாலு வரியில் முடிப்பேன். உன்னிடம் நாலு வரியில் முடிக்க வேண்டியதை மூன்று வருடம் முடிக்காமல் விட்டதால் இப்போது நீண்டுவிட்டது.

என் தொட்டியைப் பற்றி உன் டீக்கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் என்னைப் பேசவிடமாட்டாய். "அவன் சொன்னா உங்களுக்கு வெளங்காதுண்ணே, நான் சொல்றேன்" என்று முந்திக்கொள்வாய். "மண்ணு கெடையாது. வெறும் தண்ணி. தண்ணிக்கு மேல தெர்மோகோல் பலகை, பலகையில ஓட்டை, ஓட்டையில கப்பு, கப்புல செடி. வேரு கீழ தண்ணிக்குள்ள தொங்கும். உரம் தண்ணியிலயே கரைஞ்சிருக்கு. மீன் தொட்டி மோட்டார் ஒண்ணு காத்து ஊதிக்கிட்டே இருக்கும். காத்து நின்னுச்சு, செடி காலி." அதோடு நிறுத்த மாட்டாய். "மாப்ளைக்கு வேலை கெடைக்கல. அதான்."

பாலிடெக்னிக் நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது பார்த்த படம் அது. டிப்ளமா முடித்து ஒரு வருடம் சும்மா இருந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வீட்டு மேனேஜர் காரைக்குடிக்கு வந்தால் உன் கடையில்தான் டீ. "கொடைக்கானல்லேருந்து லெட்டூஸ் கீரை வரவழைக்கிறோம், பஸ்ஸுலயே வாடிப் போயிருது. கிறிஸ்துமஸுக்கு இருவது பேர் வாராக, ஒரு வாரம் இருப்பாக. அந்த இலை இல்லாம அவுகளுக்குச் சாப்பாடு எறங்காது" என்று அவர் ஒருநாள் புலம்பினார். நான் வாயைத் திறக்கும் முன்னே நீ சொன்னாய்: "நம்ம மாப்ள தருவான் சார். நாப்பது செடி."

அன்று என்னிடம் ஒரு செடிகூட இல்லை.

அப்பா மஸ்கட்டில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். விசா வந்துவிட்டது. எனக்குப் போக விருப்பமில்லை. ஏன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லவும் தெரியவில்லை. "இந்த டிசம்பர் வரைக்கும் பாக்குறேன். ஒன் கீரை கானாடுகாத்தான் போய்ச் சேந்துச்சுன்னா இரு. இல்லேன்னா பொங்கல் முடிஞ்சதும் பிளேன் ஏறு" என்று கெடு வைத்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நீல ட்ரம் ஒன்றை நெட்டுவாக்கில் இரண்டாக அறுத்தோம். மாடியில் கீற்றுக் கொட்டகைக்கு அடியில் செங்கல் முட்டுக்கொடுத்து இரண்டு பாதியையும் தொட்டி மாதிரி வைத்தோம். பலகைக்குத் தெர்மோகோல் உன் கோயில் குடிலுக்கு வைத்திருந்ததில் இருந்து வந்தது. ஏழு வருடமாக அந்தக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் உன் பொறுப்பு. மலை, குகை, ஓடை எல்லாம் உன் கையால்தான் எழும். தேவகோட்டையிலிருந்தெல்லாம் வந்து பார்ப்பார்கள். தெர்மோகோலில் வட்டமாக ஓட்டை போடக் கத்தியை எடுத்தேன், பொலபொலவென்று உதிர்ந்தது. நீ கல்லாப்பெட்டியில் இருந்து ஊதுபத்தியைக் கொளுத்தி வந்து அதன் நுனியால் சுற்றி இழுத்தாய். வெண்ணெயில் விரல் விட்டது போல வட்டம் விழுந்தது.

"குடில்ல புல்லு வேணும்னு வருசா வருசம் ஈரச்சாக்குல கேப்பை முளைக்க விடுறேன். மண்ணில்லாமத்தான் முளைக்குது. நீ என்னமோ இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி குதிக்கிற" என்றாய்.

"அது வெறும் முளை. பத்து நாள்ல செத்துரும்" என்றேன்.

"பொறந்த குழந்தையப் பாக்க வர்ற புல்லுக்குப் பத்து நாள் போதும்டா."

முதல் தடவை உரத்தை நான்தான் கெடுத்தேன். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் தனித்தனியாகக் கரைத்து, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டும். பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருந்தது. அவசரத்தில் இரண்டையும் கெட்டியாக ஒரே வாளியில் போட்டுக் கலக்கினேன். வெள்ளை வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டு, "பால் திரிஞ்சு போச்சு. கொட்டிட்டு வேற பால் காச்சு" என்றாய். கோபத்தில் வாளியை உதைத்தேன். கால் வீங்கியது. நீ அதற்கும் சிரித்தாய். மறுநாள் இரண்டு வாளி, இரண்டு குச்சி. ஐப்பசி முடிவதற்குள் நாற்பது கப்பிலும் நாற்று நின்றது. கார்த்திகையில் வேர்கள் கப்பின் ஓட்டைகளைத் தாண்டித் தண்ணீருக்குள் வெள்ளைத் தாடி மாதிரி இறங்கின.

டிசம்பர் இருபத்து மூன்று காலை எட்டு மணிக்குத் காகம் விழுந்து தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கரண்டு போய் மோட்டார் நின்றது. மறுநாள் காலை கானாடுகாத்தானில் கீரை இருக்க வேண்டும்.

நாற்பது செடியும் முழுதாக வளர்ந்து நிற்கும்போது தண்ணீரில் இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். வேர் மூச்சு முட்டினால் இலை துவளும். துவண்ட இலைதான் அவர்களுக்குக் கொடைக்கானலில் இருந்தே வருகிறதே, என்னிடம் எதற்கு? ஜெனரேட்டர் கேட்டு மூன்று இடம் போனேன். எல்லாம் கிறிஸ்துமஸுக்குப் போய்விட்டது. லாரி டயர் டியூப் ஒன்றில் சைக்கிள் கடையில் காற்றடித்துக் கொண்டுவந்து காற்றுக்கல்லின் குழாயில் மாட்டினேன். பத்து நிமிடம் கொப்பளித்தது. பிறகு டியூப் தொங்கிவிட்டது. மறுபடி கடைக்கு ஓடினேன்.

மூன்றாம் முறை டியூபைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது நீ அங்கே நின்றுகொண்டிருந்தாய். மணி பத்து. கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாய்.

"காத்துத்தானே வேணும்? டீ ஆத்துறப்ப நுரை எங்குட்டு இருந்து வருதுன்னு நெனச்ச? காத்துதான்டா அது" என்று சொல்லி, பலகை மூடாத ஓரத்தில் குவளையை விட்டு மொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, கம்பி மாதிரித் தண்ணீரை இறக்கினாய். தொட்டி முழுக்கக் குமிழி.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தவறில்லை. பாராட்டினேனா? இல்லை. "வேருல அடிக்குது. இன்னும் ஓரமா ஊத்து. டீ இல்ல இது" என்றேன்.

"போடா. போய் லயன்மேன மெரட்டு."

போனேன். மிரட்டினேன். கம்பத்தின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் கீழே நின்று கத்தினேன். அவர் மேலிருந்து, "தம்பி, நீங்க ஏறி வாரீகளா, நான் எறங்குறேன்" என்றார். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். நீ இந்தத் தொட்டியில் பத்து நிமிடம், அந்தத் தொட்டியில் பத்து நிமிடம் என்று மாறி மாறி ஊற்றிக்கொண்டிருந்தாய். மதியம் என் அம்மா மாடிக்கே சோறு கொண்டுவந்தார். நீ இடது கையால் குவளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டாய். குவளையை என்னிடம் கொடுத்தபோதெல்லாம், பொறுமையில்லாமல் ஏதோ ஒன்றைச் சரிபார்க்க நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று நான் ஊற்றியது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இருக்காது.

இன்னும் எவ்வளவு நேரம் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான்தான் கால் மணிக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

மாலை ஆறு மணிக்கு மோட்டார் உறுமியது. ஒரு இலைகூடத் துவளவில்லை. நீ குவளையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, கடையப் பாக்குறேன்" என்று இறங்கிப் போனாய். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரின் அமிலத்தன்மை பார்க்கும் பி.எச். பேப்பரை நனைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வேரோடு பிடுங்கி ஈரத்துணி சுற்றி நாற்பதையும் கானாடுகாத்தானில் சேர்த்தேன். சமையல்காரர் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, "இத வதக்காம எப்புடித்தான் திங்கிறாகளோ" என்று முகத்தைச் சுளித்தார். மேனேஜர் வாரம் ஒருமுறை கொண்டுவரச் சொன்னார். அப்பா விசாவைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை. நான் காரைக்குடியிலேயே இருந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் உன்னைத் தேடிக் கோயிலுக்கு வந்தேன். குடிலில் மலை இல்லை. குகை இல்லை. வைக்கோல் பரப்பி, சுரூபச் சிலைகளை நிறுத்தி, கேழ்வரகுப் புல்லைச் சுற்றி வைத்திருந்தாய். அவ்வளவுதான்.

"என்னடா இது, மொட்டையா இருக்கு?" என்றேன்.

"இந்த வருசம் சமவெளியில பொறந்துட்டாரு மாப்ள. மலையேற வேணாம்னு" என்றாய். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிற ஆட்கள் நாம். இந்தப் பங்குனியில் உனக்குக் காமாலை கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று திட்டினேன். நீ அங்கே போனபோது காலம் கடந்துவிட்டது. திரும்பி வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது எட்டுத் தொட்டி ஓடுகிறது. லாரி பேட்டரி ஒன்றை வைத்து, கரண்டு போனால் தானாக மாறிக்கொள்ளும்படி செய்துவிட்டேன். யாரும் நின்று ஊற்ற வேண்டியதில்லை.

போன மாதம் உன் அம்மாவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புரை முற்றிவிட்டது. ஒரே கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த வருசம் குடிலு சோடிக்காம விட்டுட்டானேன்னு கோயில் சாமியாரு வருத்தப்பட்டாக தெரியுமா? நேரமில்லாம இல்லப்பா. ராத்திரி முழுக்கக் கெடந்துச்சே. கை தூக்க முடியல அவனுக்கு. சட்டைய நான்தான் கழட்டிவிட்டேன். என்னடா ஆச்சுன்னா, சுளுக்கும்மா, அவன்கிட்ட சொல்லிறாதன்னான். நானும் இத்தன நாளு சொல்லல."

நன்றிடா. அப்போதே சொல்லியிருக்க வேண்டியது. நான் இந்த ஊரில் இருப்பதும், நினைத்த வேலையை நினைத்தபடி செய்வதும், உன் அம்மாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடிந்ததும் நீ கொடுத்தவை.

பிறகு உன் அம்மா, "ஒனக்கு ஆயிரம் சோலி கெடக்கும். நீ போயிட்டு மெதுவா வாப்பா, நான் இருந்துக்கிறேன்" என்றார்.

"கெடக்கு. கெடக்கட்டும்மா" என்றேன்.

அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எங்கள் எண்ணைக் கூப்பிடும்போது மணி நாலு. அதற்குள் என் கை தோளிலிருந்து விரல் வரை மரத்துப்போயிருந்தது. நான் அசைக்கவில்லை.