அலமாரிக்குப் பின்னால் இருந்த கோடு

சிட்டு,

இன்று காலை கடை அலமாரியை நகர்த்தியபோது அந்த வாசம் வந்தது. காய்ந்த சேறும் புளித்த மாவும் கலந்த பழைய வாசம். நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

நம் ரொட்டிக் கடைக்குள் மறுபடியும் ஆறு வந்துவிட்டது. இந்த முறை முழங்கால் அளவுதான். நீ இருந்தபோது வந்தது இடுப்பளவு. மாவு, சீனி, ரொட்டிக்கல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. தொழில் இழந்தவர்களுக்கு அரசாங்கம் உதவி கொடுக்கிறது, ஆபீசர் பார்க்க வருவார் என்று அப்போது கிராம சேவகர் சொன்னார். அதைக் கேட்டதும் நமக்குக் கை சும்மா நிற்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் துரை நம் லயத்து வீடுகளைப் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே கழுவித் தள்ளி வளர்ந்தவர்கள் அல்லவா நாம்.

"இந்தக் கோலத்துல ஆபீசர உள்ள கூப்பிட்டா நம்மள என்னன்னு நெனப்பாரு அண்ணி?" என்று நீதான் முதலில் வாளியைத் தூக்கினாய். இரண்டு நாள் தேய்த்தோம். சுண்ணாம்பு அடித்தோம். உன் பங்கு அலமாரிப் பக்கம்.

"அலமாரிக்குப் பின்னாலயும் தேய்ச்சியா?"

"தேய்ச்சாச்சு, தேய்ச்சாச்சு. மாமியார் மாதிரி நிக்காதீங்க."

வாசலில் கோலம்கூடப் போட்டாய். சிங்கள ஆபீசர் வந்து சுற்றிப் பார்த்தார். "அக்கே, தண்ணி எங்க வந்துச்சி? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். நீ பூரித்துப்போய் அவருக்குப் பிளேன்டீ கொடுத்தாய். பட்டியலில் நம் பெயர் வரவில்லை. விளக்குமாற்றைத் தொடாத சைக்கிள் கடைக்காரர் பெயர் வந்தது.

"சோம்பேறிக்குத்தான் காலம் அண்ணி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குக் கோபம். உன்னால்தான் போச்சு என்று மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீ உன் தோட்டை அடகு வைத்துப் புது ரொட்டிக்கல் வாங்கி வந்தாய். போன வருடம் நீ போகும்போதும் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது.

இந்த முறை நான் எதையும் கழுவவில்லை. கை துறுதுறுத்தாலும் சேற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இனி மலையேறிக் கொழுந்து பறிக்க என் முழங்காலுக்கு முடியாது; கடை போனால் எனக்கு ஒன்றும் இல்லை. இன்று வந்த ஆபீசர் அம்மா, "இங்க கடை இருந்ததுக்கு என்ன சாட்சி? பதிவு இல்லையே?" என்று கேட்டார். என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. படம் எடுக்க அலமாரியை நகர்த்தச் சொன்னார்.

பின்சுவரில் இடுப்பு உயரத்தில் பழைய சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. தண்ணீரில் கரைந்த நம் மாவும் அதில் கட்டிகட்டியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் விரலால் சுரண்டிப் பார்த்தார். "பழைய வெள்ளம். அப்பவே இங்க மாவு இருந்திருக்கு" என்று படம் எடுத்து, எழுதிக்கொண்டார். இந்த முறை கிடைக்கும் என்றார்.

அவர் போன பிறகும் அந்தக் கோட்டின் முன்னால்தான் நிற்கிறேன். வேலையில் ஏமாற்றுகிறவள் இல்லை நீ. உனக்கு நெஞ்சில் நோய் ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் கடைசியாகத்தான் சொன்னார்கள்.

அன்றைக்கே அலமாரியை நகர்த்த உனக்குத் தெம்பில்லையா, சிட்டு? அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?