சாதா கிட்டாரின் மூடி

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் மாதுங்கா வீட்டில் தோல் வாசனை அடிக்கிறது. அம்மா எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, சாம்பிராணியும் போட்டுப் பார்த்துவிட்டாள். "என்னடி இது, செருப்புக் கடைக்குள்ள குடித்தனம் பண்றாப்பல இருக்கு?" என்று நாளுக்கு நாலு தடவை கேட்கிறாள். வேறொன்றுமில்லை, உங்கள் கிட்டார் பெட்டிதான். தாராவியில் உங்கள் அண்ணன் பட்டறையில், பைகளுக்கு வெட்டியது போக மிஞ்சிய தோலைச் சேர்த்துத் தைத்தது என்று நீங்கள் பெருமையடித்துக்கொண்ட அதே பெட்டி. உங்கள் மனைவி அதைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நீங்கள் காமாலையில் போய் நாலு மாதம் ஆகிறது. போனவரைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். நான் உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு வருஷப் பழக்கத்தில் ஒரு நாளும் உங்களை 'நீ' என்று சொன்னதில்லை. இந்த மடலிலும் அந்த ஒரு மரியாதைக்குக் குறை வைக்க மாட்டேன்.

உங்களை முதலில் பார்த்தது என் மேஜைக்கு அடியில். ஃபோர்ட்டில் எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டர்களைப் பழுது பார்க்க மாதம் ஒருமுறை வரும் மெக்கானிக் நீங்கள். கீழே உருண்ட ஸ்பிரிங் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"டைப்பிஸ்டம்மா, எதுக்கு இந்தக் குத்து குத்துதிய? ஒங்க வெரல்ல ஒரு கொறையும் இல்ல. சாவிதான் வெறைப்பா இருக்கு."

யாரும் கேட்காமலே குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு சாவியாக இளக்கினீர்கள். என் சுண்டுவிரல் அடிக்கும் எழுத்தை மட்டும் இன்னும் ஒரு சுற்று கூடுதலாக. "மெஷினுதான் மனுசனுக்குத் தக்கன இருக்கணும்," என்றீர்கள். அந்த ஸ்க்ரூடிரைவரை என் மேஜை இழுப்பறையிலேயே போட்டுவிட்டீர்கள், அடுத்த மாதம் வந்தால் தேட வேண்டாமே என்று. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வாரம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் நீங்கள், சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கோட்டு மாட்டிக்கொண்டு ஹோட்டல் பாண்டுகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர் என்பது எனக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆயிற்று. தெரிந்த நாளிலிருந்து நானும் விடவில்லை. மத்தியான இடைவேளையில் டிபன் டப்பா மூடியை மடியில் வைத்துக்கொண்டு விரல் வைக்கும் இடங்களைக் கேட்டுக் கேட்டுப் படித்தேன். ஆபீஸ் கிளப்பில் நீங்கள் ஒரு குழு சேர்த்தபோது முதல் பெயர் என்னுடையது. ஆண்டுவிழாவில் நான் மேடையேறி கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று எங்கள் கட்டிடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

அந்தச் சமயத்தில்தான் மரீன் லைன்ஸ் பக்கத்து வாத்தியக் கடைக்காரர் ஒருவர் உங்கள் பெயரில் கிட்டார் போட்டார். தலைப்பக்கத்தில் உங்கள் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்து. அதில் இரண்டு ரகம். ஸ்பெஷலில் கையெழுத்தை முத்துச்சிப்பியில் வெட்டிப் பதித்திருந்தது. சாதாவில் தண்ணீரில் ஊற வைத்து ஒட்டும் படம். ஸ்பெஷலுக்குப் பதப்பட்ட தேக்குக் கழுத்து, வெளிநாட்டு முறுக்காணிகள். சாதாவுக்கு என்ன மரம் என்று கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிறம் இரண்டுக்கும் ஒரே சிவப்பு. நாலடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது.

ஸ்பெஷல் என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். நான் தயங்கி நின்றதைப் பார்த்து நீங்கள்தான் யோசனை சொன்னீர்கள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே மெட்டை வாசித்தீர்கள்.

"எது ஸ்பெஷலு, சொல்லுங்க பாப்போம்?"

"ரெண்டாவது," என்றேன்.

இரண்டாவதுதான் சாதா. கடையே சிரித்தது. "பாத்தியளா? ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான். சும்மா எதுக்குத் துட்டக் கரியாக்கணும்?" என்றீர்கள். நான் சாதாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது யோசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்குச் சோதித்தது கிட்டாரையா, உங்கள் விரலையா? உங்கள் கையில் கொடுத்தால் டிபன் டப்பா மூடியும் பாடும். நல்ல கிட்டார் யாருக்கு வேண்டும்? இருபது வருஷம் வாசித்தவருக்கா? முதல் நாள் விரல் வைக்கிறவளுக்குத்தானே வேண்டும்? இது உங்களுக்குத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். என் சுண்டுவிரலுக்காக ஒரு சாவியை ஒரு சுற்று கூடுதலாக இளக்கின மனிதர் நீங்கள்.

நீங்களே வந்து அதை அப்பாவின் ரேடியோவோடு இணைத்துக் கொடுத்தீர்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாலும், காபி கொடுக்கத் தவறவில்லை. ஆனி போய் ஆடி வந்தது, மழை பிடித்துக்கொண்டது, தந்திகள் எனக்கு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தன. ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்தும் 'எஃப்' என்ற ஸ்வரக்கூட்டு வரவே இல்லை. விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது. என் கைக்குத்தான் வலு போதவில்லை என்று நினைத்து, ராத்திரி ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே தூங்கினேன்.

சரஸ்வதி பூஜைக்கு எங்கள் வீட்டில் வாத்தியத்தையும் புத்தகத்தையும் சாமிக்கு முன்னால் வைப்பது வழக்கம். அம்மாவின் வீணையைப் படுக்க வைத்தோம். பக்கத்தில் என் கிட்டாரையும் அதேபோலப் படுக்க வைத்து, உங்கள் கையெழுத்துக்கு மேலேயே சந்தனம் குங்குமம் இட்டேன். மறுநாள் காலை வரை தொடக்கூடாது. குத்துவிளக்கு அதன் கழுத்துக்குப் பக்கத்தில் எரிந்தது. இதை ஒரு வேடிக்கை என்று நினைத்து நானே உங்களிடம் சொன்னேன். சொன்னதுதான் நான் செய்த தப்பு.

ஆண்டுவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் செம்பூரில் டிரம்ஸ் வாசிப்பவர் வீட்டில் ஒத்திகை. 'எஃப்' வரும் இடத்தில் என் கிட்டார் கரகரவென்று செத்தது. மூன்று தடவை அப்படியே. நீங்கள் அதை வாங்கி, கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தீர்கள். வில்லாக வளைந்திருந்தது. தந்திக்கும் மரத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும்.

"இது என்ன வீணையா, படுக்க வச்சு வெளக்கேத்துதுக்கு? சூட்டுல கழுத்த வளைச்சுட்டியளே," என்றீர்கள், எல்லோர் முன்னாலும்.

"சரி பண்ண முடியாதா?" என்றேன்.

"இனி என்னத்தப் பண்ண? ஒங்களுக்குக் கையும் பத்தலை. சல்தா ஹை, இந்த வருசம் நீங்க மரக்காஸ ஆட்டுங்க."

எந்த டைப்ரைட்டரைப் பார்த்தும் நீங்கள் 'சல்தா ஹை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஓடினால் போதும் என்று விடுகிற ஆளே இல்லை நீங்கள். என்னைப் பற்றித்தான் சொன்னீர்கள். அப்போது உங்கள் தோளில் ஸ்பெஷல் தொங்கிக்கொண்டிருந்தது.

மரக்காஸ் என்பது கைக்குழந்தையின் கிலுகிலுப்பைக்கு அண்ணன். அந்த இரண்டு குடுக்கைகளையும் ஆட்டிக்கொண்டு, பட்டுப்புடவையில், எங்கள் கட்டிடத்தார் முழுப்பேரும் பார்க்க நின்றேன். "இதுக்குத்தானாடி இத்தனை அமர்க்களம்?" என்று கேட்டாள் அம்மா. கிட்டாரைப் பழைய வேஷ்டியில் சுற்றி அலமாரி மேலே போட்டேன். நல்ல பொருளை நானே பாழ் பண்ணினேன், எனக்குக் கையும் இல்லை. இரண்டு வருஷம் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி, உங்கள் ஸ்பெஷல் இருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்: "அக்கா, இத ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னுட்டாவ. ரெண்டு கிட்டாரு மூடியையும் கழட்டிப் பாக்கச் சொன்னாவ. எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

இரண்டு கிட்டாரிலும் தலைப்பக்கத்தில், உங்கள் கையெழுத்துக்குக் கீழே, அரச இலை அளவில் ஒரு கறுப்பு மூடி உண்டு, இரண்டு ஸ்க்ரூ. உங்கள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தேன். ஸ்பெஷலின் மூடிக்குக் கீழே ஒரு குழி, குழிக்குள் இரும்புக் கம்பியின் முனை. கழுத்துக்குள் ஓடுகிற கம்பி அது. மழைக்கு மரம் வளைந்தால் அதை ஒரு சுற்று திருக, கழுத்து நிமிர்ந்துவிடும். சாதாவை இறக்கி அதன் மூடியையும் கழற்றினேன். கீழே மொழுமொழுவென்று வெறும் மரம். குழியும் இல்லை, கம்பியும் இல்லை. இல்லாத கம்பிக்கு மேலே ஒரு மூடி, அதற்கு ஒழுங்காக இரண்டு ஸ்க்ரூ.

உங்கள் மனைவி அந்த வெறும் மரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அதான் சங்கதியா! கம்பி போட்டா வெல கூடிரும், மூடி மட்டும் போதும்னாராம் கடைக்காரரு. இவியளும் சரின்னுட்டு வந்தாவ. அன்னைக்கு ராவு சோறு உங்கல. ஒங்ககிட்டச் சொல்லணும், சொல்லணும்னு ரெண்டு மழைக்காலமா பொலம்பிக்கிட்டே கெடந்தாவ."

புலம்பினீர்களா! மாதா மாதம் என் மேஜைக்கு வந்தீர்களே, நாக்கு என்ன ஆயிற்று? உலகத்தில் எந்த ஸ்க்ரூவைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாத கை உங்களுக்கு. அந்த ஒத்திகையில் அந்த மூடியை மட்டும் தொடவில்லை. விளக்கின் மேலே பழி போட்டீர்கள், பூஜையின் மேலே போட்டீர்கள், கடைசியில் என் விரல் மேலே போட்டீர்கள். செத்த பிறகு உண்மையைச் சொல்ல மனைவியை மூன்று மாடி ஏற வைத்தீர்கள். இது கோழைத்தனம். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அவள் எதிரிலேயே ஸ்பெஷலை மடியில் வைத்து 'எஃப்' பிடித்தேன். இரண்டு வருஷம் தொடாத கை. ஆறு தந்தியும் கணீரென்று பேசின. நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்து அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை பேர் இதை வாங்கியிருப்பா? தனக்குக் கை இல்லைன்னு எத்தனை பேர் பரண்ல போட்டிருப்பா? நான் எழுதி ஊருக்கே சொல்லப் போறேன்," என்றேன்.

"சொல்லுங்க அக்கா. சொல்லத்தான் வேணும். அவிய பேர மட்டும் விட்டுருங்க. பிள்ளைக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

திங்கட்கிழமை, நீங்கள் இளக்கிக் கொடுத்த அதே டைப்ரைட்டரில் அடித்து, ஆபீஸ் கிளப் பலகையில் ஒன்றும் செம்பூர் ஒத்திகை வீட்டு வாசலில் ஒன்றும் ஒட்டினேன். கிட்டாரின் தலைப்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கம்பி இல்லையென்றால் குறை உங்கள் விரலில் இல்லை. இவ்வளவுதான் வாசகம். உங்கள் பெயர் அதில் இல்லை. அது அவளுக்காக, உங்களுக்காக இல்லை. நேற்று டெஸ்பாட்ச் பகுதிக்காரர் ஒருவர் என் மேஜைக்கு வந்து ஸ்க்ரூடிரைவரை இரவல் வாங்கிப் போனார்.

டிசம்பரில் ஆண்டுவிழா. இந்த வருஷம் மரக்காஸை வேறு யாராவது ஆட்டட்டும். ஸ்பெஷலைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்தான் நிற்பேன், உங்கள் பெயர் சபையைப் பார்த்தபடி மின்னிக்கொண்டிருக்கும். அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சாதாவின் மூடி என் கைப்பையில் இருக்கிறது. ரயிலில் சில்லறைக்குக் கை விட்டால் அதுதான் முதலில் தட்டுப்படுகிறது. கோபம் தீர்ந்ததும் திரும்ப மாட்டிவிடலாம் என்று இரண்டு ஸ்க்ரூவையும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். இன்றைக்குத் தீரவில்லை.