ஏலக்காரன் படமும் என் வயிற்றெரிச்சலும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே உன் அப்பா சுகம், மெத்தைக்கடை சுகம், உன் சித்தி ரொம்பவே சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். என்னைப் பற்றிக் கேட்டால், உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான், மாத்திரைக்குக் கேட்கிற ரகம் இல்லை. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன்னைப் பேசவிட மாட்டேன், திறக்காமல் இருந்தால் என்ன ஆகிறது என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டோம். காகிதம் என்றால் நானும் உன் பேச்சுக்குக் குறுக்கே விழ முடியாது, நீயும் லைன் போய்விட்டது என்று வைக்க முடியாது. இதை நானே ஒட்டி நானே தபாலில் போடப்போகிறேன். சித்தி கைபடாமல் இந்த வீட்டிலிருந்து உனக்கு வந்துசேரும் ஒரே சமாச்சாரம் இதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீசில் ஆளாளுக்கு எழுந்து, தன்னை மாற்றியது எது என்று பேசச் சொன்னார்களாமே, நீ ஒரு சிரிப்புப் படத்தைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கினாயாமே. இந்த நல்ல செய்தியை எனக்குச் சொன்னது யார் தெரியுமா, மருந்துக்கடைக்காரம்மா. தலையணை மாற்ற வந்தவள், "உங்க பொண்ணு என்னமா பேசுதுங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு" என்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் எல்லாம் தெரிந்த மாதிரி சிரித்துவைத்தேன், கடையில் நின்று பழகிய முகம், எதற்கும் சிரிக்கும். அவள் போனதும் பின்னறைக்குப் போய், மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்த உன் சித்தியைக் கேட்டால், "ஆமாக்கா, வீடியோ அனுப்பியிருந்தா, உனக்கும் வந்திருக்கும்னுல்ல நெனச்சேன்" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்கிறாள். எனக்கு வரவில்லை பாப்பா. மருந்துக்கடை வரைக்கும் போய்விட்டது, முன்னால் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பெற்றவளுக்கு வரவில்லை. சித்தியின் போனிலேயே பார்த்தேன். நன்றாகத்தான் பேசினாய், குறை சொல்ல மாட்டேன், கையை மட்டும் அவ்வளவு ஆட்ட வேண்டாம். யாராவது கத்தினால் உடனே பதிலுக்குக் கத்தாமல் இருக்கவும், எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவும் அந்தப் படத்தில் வரும் ஏலக்காரன் கதைதான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது, அதைச் சித்தி மடியில் படுத்துச் சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாய். நான் எங்கே வருகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தேன். "அம்மா கடையில இருப்பாங்க, நானும் சித்தியும் படம் பார்ப்போம்." அவ்வளவுதான். அந்த வீட்டில் ஒரு கதவு இருந்தது, ஒரு ஜன்னல் இருந்தது என்று சொல்கிற மாதிரி.

அன்றைக்கே அந்தப் படத்தைப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன். எதிர்க்கடையில் கூட்டம் சேர்ந்தால், என்ன சரக்கு இறக்கியிருக்கிறான் என்று போய்ப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது, இதுவும் அப்படித்தான். சித்தியிடம் போய்ப் போட்டுக் கொடு என்று கேட்க மனசு வரவில்லை. டிவியில் சத்தம் சரியாக வருகிறதா பார்க்க வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொல்லி மத்தியானம் கடையைச் சாத்தின நேரத்தில் போடச் சொன்னேன், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டார். நீ மனப்பாடமாக வைத்திருக்கிற கதையை உனக்கே சொல்வதாக நினைக்காதே, நான் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். காலையிலிருந்து கூவிக் கூவி ஏலம் விடுகிறவன், வீட்டிலும் பெண்டாட்டி பிள்ளையிடம் அதே ஏலக் குரலில் பேசுகிறவன், அவனுக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விடுகிறது. வாயைத் திறந்தால் குரல் திரும்பாது என்று டாக்டர் மிரட்டி அனுப்புகிறார். பேச முடியாத ஆள் தன் ஏலக்கூடத்திலேயே தெரியாத்தனமாக மூக்கைச் சொறிய, அதையே விலை கேட்ட சைகை என்று எடுத்துக்கொள்ள, ஓட்டைப் பியானோவைத் தானே ஏலத்தில் எடுத்துவிடுகிறான் பார், அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன், குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அதற்கு முன்பே உன் சித்தி கையில் தட்டோடு வந்து கதவில் சாய்ந்துகொண்டு, "இப்பப் பாரு, இப்ப சொறிவான் பாரு" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள், நான் சிரித்ததும் "மாமா, அக்கா சிரிச்சுட்டா" என்று உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். அவள் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பேன். அப்புறம், இவன் வெளியே சொல்ல மாட்டான் என்று தெரு முழுக்க அவன் வாசலில் வரிசைகட்டி வந்து மனசிலிருப்பதைக் கொட்டுகிறது, கேட்டுக் கேட்டே ஆள் மாறிப்போகிறான். குரல் திரும்பின பிறகும் ஊமை மாதிரியே உட்கார்ந்து, பெற்ற மகன் பேசுவதை முதல் தடவையாகக் கடைசி வரை கேட்கிறானே, அந்த இடத்தில் சித்தி மூக்கை உறிஞ்சினாள். நான் உறிஞ்சவில்லை, எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தில் அவன் பெண்டாட்டி என்று ஒருத்தி அங்கொரு இடம் இங்கொரு இடமாக வருகிறாளே, அவளை நீ கவனித்தாயா? இவன் வீட்டில் ஊமையாக உட்கார்ந்து ஞானம் பெற்றுக்கொண்டிருந்தபோது ஏலக்கூடத்தைத் திறந்தது யார், கூவினது யார், ஆட்களுக்குக் கூலி கொடுத்து அடுப்பை எரியவைத்தது யார்? அவளுக்கும் தொண்டை கட்டியிருந்தால் படம் பாதியிலேயே முடிந்திருக்கும், எல்லோரும் பட்டினி. ஒருத்தர் நிதானமாக உட்கார்ந்து இன்னொருத்தர் கதையைக் கேட்க வேண்டுமானால், மூன்றாவதாக ஒருத்தர் வாசலில் நின்று கத்தியாக வேண்டும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னறையில் சித்தி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பஞ்சு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, யார் உன்னைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் திட்டினார்கள் என்று கதை சொல்வாய், அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். எனக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். நான் இந்தப் பக்கம் வருகிறவர் போகிறவரிடம், இது அமுங்காது, பத்து வருஷத்துக்குக் குழி விழாது என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பேன். அவள் கேட்டதால் நீ மாறினாய் என்கிறாய், சரி, அவள் கேட்பதற்கு இடம் கொடுத்தது இந்தக் கத்தல்தான். உன் பேச்சில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். சித்தியை நான் குறை சொல்லவில்லை, அவள் தங்கமானவள்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை, கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருப்பேன்.

ஆனாலும் வியாபாரி பார், அடுத்தவன் கடையில் நல்ல முறை ஒன்றைப் பார்த்தால் பொறாமையோடு பொறாமையாக அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். மறுநாள் கடையில் வாயை மூடிப் பார்த்தேன். பஸ் ஓட்டுகிற ஒருத்தர் முதுகுவலி என்று டபுள் மெத்தை கேட்டு வந்தார். படுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். உனக்குத்தான் தெரியுமே, கடை மெத்தையில் படுக்கிறவர்களுக்குக் கூரையைப் பார்த்ததும் வாய் திறந்துகொள்ளும், நான்தான் அந்த நேரத்தில் பஞ்சு, ஃபோம், உத்தரவாதம் என்று மேலே விழுந்து மூடிவிடுவேன். இந்தத் தடவை மூடவில்லை. மனுஷன் மேலே பார்த்தபடியே, "எங்க வீட்டம்மா இப்பல்லாம் ஹால்ல வெறும் தரையில படுக்குதுங்க, நான் குறட்டை விடறேனாம், கோவமெல்லாம் இல்ல, தூக்கம் வரலையாம்" என்று மெதுவாகச் சொன்னார். முடிவில் சிங்கிளாக இரண்டு வாங்கிப் போனார், தரையில் படுக்கிற அம்மாவுக்குத்தான் நல்ல ரகம். பேசியிருந்தால் ஒன்று விற்றிருப்பேன், அந்த அம்மா இன்னும் தரையிலேயே படுத்திருப்பாள். பரவாயில்லை, ஏலக்காரன் கெட்டிக்காரன்தான் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். உன் அப்பாதான் ரொம்ப சந்தோஷப்பட்டார், "இப்படியே இருந்துடேன், நல்லா இருக்கு" என்றார், அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே விரதத்தைக் கலைத்தேன்.

இந்தத் தைரியத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். எடுத்ததும், "அம்மா, ஒரு விஷயம், முதல்ல உன்கிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்" என்றாய். முதலில் உன்னிடம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் உட்கார்ந்திருந்தவள் எழுந்தே நின்றுவிட்டேன். வழக்கம்போல என்ன விஷயம், சாப்பிட்டாயா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கொட்டிவிடப் போகிறேனே என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏலக்காரன் எப்படிக் கேட்டான், மகன் கண்ணைப் பார்த்துத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான், நானும் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் மறுமுனையில் யாருக்குத் தெரியும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை பாப்பா. "அம்மா? இருக்கியா? ஹலோ?" என்றாய், நீ கதையைத் தொடங்குகிறாய் என்று நினைத்து இன்னும் பலமாகத் தலையாட்டினேன், உன் அப்பா பார்த்துவிட்டுக் கழுத்து வலியா என்று கேட்கிறார். "சே, லைன் போச்சு" என்று வைத்துவிட்டாய். நான் சுதாரித்துத் திருப்பிக் கூப்பிட்டால் பிஸி என்கிறது, பின்னறையில் சித்தியின் போன் அடித்து அவள் எடுத்தாகிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டதெல்லாம் அவள் குரல்தான், "உம்... உம்... அடிப்பாவி... உம், அப்புறம்?" எனக்கென்று புறப்பட்ட செய்தி, முகவரி சரி, வீடும் சரி, பக்கத்து அறையில் இறங்கிவிட்டது.

அவள் வெளியே வந்ததும் என்னடி சொன்னாள் என்று கேட்டேன். "அவளே சொல்லுவாக்கா, நீ கோவமா இருக்கியான்னு வேற கேட்டா" என்றாள். எனக்குச் சொல்லத்தானே கூப்பிட்டாள், நடுவில் நீ வாங்கி வைத்துக்கொண்டாய் என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். "நான் எங்கக்கா வாங்கினேன், அவ நீட்டினா, நீ கையை நீட்டலையே" என்றாள். அதோடு விட்டாளா, "வாயை மூடிக்கிட்டு இருக்கிறதும் கேக்கிறதும் ஒண்ணா? அப்பப்ப உம் கொட்டணும்க்கா, இல்லேன்னா சொல்றவங்களுக்குப் பயமா இருக்கும்" என்றாள். இத்தனை வருஷமாக அவள் உம் கொட்டுவதைப் பார்த்து, இவளுக்கு வேறு வேலை இல்லை என்று கேலி செய்தவள் நான், அவளிடமே பாடம் கேட்கும்படி ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு உறையில் ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள், அவள் அப்படிச் செய்கிறவளே இல்லை, அதனால் விஷயம் சின்னது இல்லை என்று தெரிந்துகொண்டேன். வேலையை விடப்போகிறாயா, யாரையாவது பிடித்துப்போயிருக்கிறதா, இன்னும் தூரமாக எங்காவது போகப்போகிறாயா, என்னென்னவோ ஓடுகிறது. சித்தியைக் கொஞ்சம் அழுத்தினால் கக்கிவிடுவாள், ஆனால் நான் அதற்கப்புறம் கேட்கவில்லை. உன் விஷயத்தை அவள் வாயால் கேட்பதற்கு எனக்கு இஷ்டமில்லை.

அதனால் நீயே எனக்குச் சொல்ல வேண்டும். முன்பே ஒருத்தரிடம் சொல்லியாகிவிட்டதே, இனி அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதே. நான் இந்தத் தொழிலில் கால் வைத்தபோது புது மெத்தை வாங்கிப்போட வசதி ஏது, மூடிப்போன விடுதிகளில் அடுத்தவர்கள் படுத்தெழுந்த மெத்தைகளைத்தான் வாங்கினேன், பிரித்து, பஞ்சை உதிர்த்து வெயிலில் உலர்த்தி, புது உறை போட்டு விற்றுத்தான் நிமிர்ந்தேன். சித்தி கேட்டு முடித்த செய்தியானாலும் எனக்கு அது போதும், நான் அதை என்னுடையதாக ஆக்கிக்கொள்வேன். அதற்குப் போடும் உறையைக்கூட அவளிடம் தைக்கக் கொடுக்க மாட்டேன், கோணலானாலும் நானே தைப்பேன். நல்ல செய்தியாக இருந்தால் சத்தம் போட்டுச் சிரிப்பேன், மோசமானதாக இருந்தால் என்ன செய்யலாம் என்று யோசிப்பேன், எதுவானாலும் நீ சொல்லி முடிக்கும்வரை என் பங்குக்கு உம் மட்டும்தான் வரும். நடுவில் வேறு சத்தம் வந்தால் "அம்மா" என்று ஒரு அதட்டல் போடு, அடங்கிவிடுவேன்.

எந்த முடிவு எடுத்தாலும் அது உனக்குக் கூடிவரட்டும், நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல், நிறைய நாள் நன்றாக இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள், தலையணையை வாரம் ஒருமுறை உதறிப் போடு, அறைத் தோழி கேட்டாள் என்று போர்வையைக் கொடுத்துவிட்டு நீ சுருண்டு படுக்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இனிமேல் சனிக்கிழமை மத்தியானத்தில் கூப்பிடு. உறைத்துணியை நேரில் பார்த்து எடுத்தால்தான் நன்றாக இருக்கும் என்று சொல்லி, சனிக்கிழமைதோறும் உன் சித்தியை மொத்தக்கடைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன், அவள் போனையும் இங்கேயே சார்ஜ் போட்டு வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா