தவுக்கேயின் வாரிசுகள்

மார்ச் 4, திங்கள்

காப்பாரில் லிம் அங்கிளின் பன்றிப் பண்ணைக்குப் போய்வந்தேன். இனி அவற்றைக் குட்டிகள் என்று சொல்ல முடியாது. சில என் எடையை எட்டிவிட்டன. என் எடை எவ்வளவு என்று இங்கேகூட எழுதப்போவதில்லை.

பண்ணையில் வேலை செய்யும் கிரிகரி அண்ணன் ஒவ்வொன்றாகக் கம்பிக்கூண்டுக்குள் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நான் கடைசி விலா எலும்புக்கு நேரே முதுகில் எண்ணெய் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து, தோலுக்கடியில் கொழுப்பு எவ்வளவு தடிமன் என்று பார்த்தேன். தாய்கள் எல்லாம் ஒல்லி வெள்ளை இனம். அப்பன் ஒருவன்தான். லிம் அங்கிளிடம் மிஞ்சியிருக்கும் ஒரே கறுப்பு நாட்டு ஆண்பன்றி. முதலாளி மாதிரி நடக்கிறான் என்று கிரிகரி அண்ணன் அவனுக்குத் ‘தவுக்கே’ என்று பெயர் வைத்திருக்கிறார். உண்மையான தவுக்கேயான லிம் அங்கிளுக்கு இதில் வருத்தமில்லை.

விசித்திரம் என்னவென்றால், ஒரே ஈற்றில் பிறந்தவை, ஒரே தொட்டியில் தின்றவை. பாதி அப்பனைப்போலக் கொழுத்திருக்கின்றன, பாதிக்கு முதுகில் ஒன்றுமே இல்லை. அப்படி இருக்கக்கூடாதே!

கிளம்பும்போது லிம் ஆன்டி ஒரு போத்தல் உருக்கிய கொழுப்பு கொடுத்தார். சீனப் பெருநாளுக்கு அடித்த கிழட்டுப் பெண்பன்றியுடையது. தவுக்கேயின் கூடப்பிறந்தது. வீட்டில் அம்மா போத்தலைப் பார்த்துவிட்டு, “யாரு தின்ன இது? நீ ஏற்கெனவே இருக்குற இருப்புக்கு” என்று ஐஸ்பெட்டியின் அடியில் தள்ளிவிட்டார். அம்மா கெர்ட்ரூட் ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. “ஒரே சட்டிச் சோறுதான்டி தின்னோம். நீ அப்படியே உங்கப்பா வழி.”

அம்மா அறியாமல் சொல்வதுதான் என் ஆராய்ச்சியே.

மார்ச் 13

டாக்டர் பரமேஸ்வரனிடம் எண்களைக் காட்டினேன். என் ஆய்வு வழிகாட்டி; சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தசையா கொழுப்பா என்று தீர்மானிக்கும் மரபணுக்களில் ஒன்றுக்கு ஒரு குணம் உண்டு. அப்பனிடமிருந்து வந்த பிரதிதான் வேலை செய்யும், தாயிடமிருந்து வந்தது வாயே திறக்காது. தவுக்கேயிடம் இருப்பது இரண்டும் கொழுப்புப் பிரதி. அப்படியானால் பிள்ளைகள் அத்தனையும் கொழுத்திருக்க வேண்டும். பாதி ஒல்லி என்றால், வேறு ஏதோ ஒன்று உள்ளே புகுந்து அப்பனின் குரலை அடக்குகிறது.

“இது உண்மைன்னா புதுசு, பெர்னிஸ். இப்பவே குதிக்காதீங்க. முதல்ல அப்பன் யாருன்னு டெஸ்ட் பண்ணிடுங்க. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.”

குதிக்கவில்லை. காரில் உட்கார்ந்து அழுதேன். முப்பத்தேழு வயதில் மாணவி. இந்த ஆண்டு முடிவோடு கடைசி நீட்டிப்பும் முடிகிறது. இதுவரை கையில் ஒன்றுமே இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

மார்ச் 31

ஈஸ்டர். கோயிலில் பிரசங்கம் காதில் விழவில்லை. ஆய்வேட்டின் தலைப்பை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்

முடிவு வந்துவிட்டது.

ஒல்லிகள் எதற்கும் தவுக்கே அப்பன் இல்லை.

ஏப்ரல் 24, புதன்

கத்த வேண்டும் என்றுதான் பண்ணைக்குப் போனேன்.

“அண்ணே, சினை ஊசிக்கு தவுக்கேயோடது மட்டும்தானே போட்டீங்க?”

“ஆமா மிஸ்” என்றார் கிரிகரி அண்ணன். பிறகு ரப்பர் குழாயை எடுத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவிய தரையை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“கலந்துதான் போட்டேன் மிஸ். தவுக்கேக்கு வயசாயிருச்சு, தண்ணியாத்தான் வருது. முதல் தடவ எல்லாத் தாயும் வெறுமையா போச்சுல்ல, நீங்க அந்தச் செவுத்துல சாஞ்சி அழுதீங்க. அதான் அடுத்த தடவ செவப்பு டியூரொக் ஆம்பளயோடதையும் கொஞ்சம் ஊத்துனேன். எங்க வேலையே அப்படித்தான் லா. எந்தப் பண்ணையில கேட்டாலும் ரெண்டு மூணு ஆம்பளயோடத ஒண்ணாக் கலந்துதான் போடுவாங்க. எதுனா ஒண்ணு பிடிச்சிக்கும்.”

“ஏண்ணே என்கிட்ட சொல்லல?”

“குட்டி பொறந்தப்ப நீங்க சிரிச்சீங்க மிஸ். அப்புறம் எப்படிச் சொல்றது?”

வெள்ளைத் தாய்க்கு அப்பன் யாரானாலும் குட்டி வெள்ளைதான். சிவப்பாக ஒன்று பிறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நான் யாரைத் திட்ட? இந்த மனுசன் எனக்காகப் பண்ணியிருக்கார். நான் அழக்கூடாதுன்னு பண்ணியிருக்கார். ஐயோ, அதுதான் தாங்கல. வேணும்னே கெடுத்திருந்தா நல்லா நாலு வார்த்த கேட்டுட்டு வந்திருப்பேன்.

டியூரொக் அப்பனுக்குப் பிறந்தது ஒல்லியாக இருக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு! பன்றி வளர்க்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். ஒல்லிகளைக் கழித்துவிட்டால் தவுக்கேக்கு மிஞ்சுவது சில குட்டிகள். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

மே 16

டாக்டர் திட்டவில்லை. ஒரு தாயாவது தவுக்கேயிடமிருந்து மட்டும் சினையானால், குட்டிகளைக் காட்டி இன்னும் ஆறு மாதம் கேட்டுப் பார்க்கலாம் என்றார். கேட்டுப் பார்க்கலாம். கொடுப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை.

லிம் அங்கிள் ஒத்துக்கொண்டார். இம்முறை ஊசி வேண்டாம், தவுக்கேயையே நேரடியாக விடலாம் என்பது கிரிகரி அண்ணன் யோசனை. அவன் ஏறுவதற்குள் இரண்டு முறை சறுக்கி விழுந்தானாம். கிரிகரி அண்ணன் தோள்கொடுத்தாராம். சிரிக்கலாம்தான், வரவில்லை.

ஜூன் 19, புதன்

ஒரு தாய் சினை. கருவியின் திரையில் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிந்தன. கிரிகரி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இது சுத்தமா தவுக்கேயோடது மிஸ். என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய?

ஜூலை 28

அம்மா தராசில் ஏறச் சொன்னார். ஏறவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

லிம் அங்கிளின் பக்கத்துப் பண்ணையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இரண்டே நாளில் பாதி விழுந்துவிட்டனவாம். மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. நோய் வந்த இடத்தைச் சுற்றி இருப்பவை எல்லாவற்றையும் கொன்று புதைக்க வேண்டும். வேறு வழி இல்லை என்று எனக்கே தெரியும்; பாடமாகப் படித்திருக்கிறேன்.

சினைத்தாய்க்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

ஆகஸ்ட் 29

உள்ளே யாரையும் விடவில்லை. செம்பனைத் தோட்டத்து முனையில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. லிம் அங்கிள் வெளியே வந்தார். கார்க் கண்ணாடியைத் தட்டி, “ஹபிஸ் லா, கேர்ள்” என்றார். முடிந்துவிட்டது. அவ்வளவுதான். அவருடைய அப்பா காலத்திலிருந்து வைத்திருந்த இனம். அந்த மனிதருக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும்.

மாலையில் கிரிகரி அண்ணன் போன் செய்தார்.

“தாய் முதல்லயே போயிருச்சு மிஸ். தவுக்கேயக் கடைசியாத்தான் கூட்டிட்டு வந்தோம். எப்பவும் போல என் கையில ரொட்டி இருக்கான்னு பாத்துச்சு.”

“இருந்துச்சா?”

“இல்ல மிஸ்.”

 

செப்டம்பர் 7

குட்டிகள் இன்றைக்குப் பிறந்திருக்கும்.

நவம்பர் 12

டாக்டர் பரமேஸ்வரன் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைக்கு வரச் சொன்னார். அலுவலகத்தில் சொல்ல முடியாததைச் சாப்பாட்டுக்கடையில் சொல்வார்கள் போலிருக்கிறது. நீட்டிப்பு இல்லை. எதிர்பார்த்ததுதான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நான் முழு இலையையும் காலி செய்து ரசமும் கேட்டு வாங்கினேன். துக்கத்திலும் எனக்குப் பசிக்கும். அதற்கும் ஒரு மரபணு இருக்கலாம். வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும்.

பிறகு பல்கலைக்கழகத்தின் பின்கட்டடத்துக்குப் போய், பன்றி மாதிரிகளுக்கென்று தனியாக வைத்திருந்த உறைபெட்டியைக் காலி செய்தேன். வேறு ஆய்வுக்கு அந்த இடம் வேண்டுமாம். தவுக்கேயின் இரத்தம் ஒரு சின்னக் குழாயில் இருந்தது. கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கழிவுப் பையில் போட்டேன். வீட்டுக்கு எடுத்துவந்து என்ன செய்ய?

டிசம்பர் 25, புதன்

கிரிகரி அண்ணன் குடும்பத்தோடு கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான்தான் கூப்பிட்டேன். அவர் இப்போது பண்டமாரானில் கன்டெய்னர் லோரிக்கு உதவியாளர். மெலிந்துபோயிருந்தார். நான் ஜனவரியில் ரசாயனம் விற்கும் கம்பெனியில் சேரப்போவதைச் சொன்னேன். “நல்ல வேலைதானே மிஸ்?” என்றார். ஆமாம் என்றேன்.

கிறிஸ்துமஸுக்குப் பன்றிப் பெரட்டல் இல்லாமல் அம்மாவுக்கு ஆகாது. இந்த ஆண்டு கிடைத்ததெல்லாம் வெளிநாட்டு உறைகறிதான். கிரிகரி அண்ணன் முதல் வாய் எடுத்தவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

நானும் ஒரு வாய் வைத்தேன்.

“அம்மா, இதுல என்ன போட்டீங்க?”

“கறி வெறும் சக்கையா இருந்துச்சுடி, கொழுப்பே இல்ல. ஐஸ்பெட்டிக்கு அடியில லிம் ஆன்டி குடுத்த அந்தப் போத்தல் இருந்துச்சுல்ல, அப்படியே ஊத்திட்டேன். நீ சரியாச் சாப்பிடறதே இல்லன்னுதான். ஏன், கூடாதா?”

தவுக்கேயின் கூடப்பிறந்ததுடைய உருக்கிக் காய்ச்சிய கொழுப்பு. ஆராய்ச்சிக்கு அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எனக்குத் தெரியும்.

கிரிகரி அண்ணன் தட்டை நீட்டினார். “ஆன்டி, இன்னும் கொஞ்சம்.” அம்மாவுக்கு ஏக சந்தோஷம். எனக்கும் ஒரு கரண்டி போட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டியில் ஒட்டியிருந்ததையும் சோற்றைப் போட்டுத் துடைத்துத் தின்றோம்.

போத்தலை அம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஊறுகாய்க்கு ஆகுமாம்.