கணக்கில் குறைந்த ஸ்க்ரூடிரைவர்

9 நவம்பர் 1998, திங்கள்

இன்று மாலை சிஞ்ச்வட் பட்டறையில் ஒரு ஸ்பானர் குறைந்தது. பதினாலு பேரையும் வீட்டுக்கு விடாமல் முக்கால் மணி நேரம் தேடவைத்தேன். கம்ப்ரெசருக்கு அடியில் கிடந்தது. "சார், நாம ஸ்கூட்டருக்கு பிராக்கெட் அடிக்கறோமா, ஏரோப்ளேன் பண்றோமா?" என்றான் ஃபோர்மேன் விச்சு. எல்லோரும் சிரித்தார்கள். நான் கத்திவிட்டேன். பாவம், அவன் கேட்டதில் என்ன தப்பு?

11 நவம்பர்

நிக்கோல் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "டாடி, சண்டே லஞ்ச்சுக்கு எங்க பிரின்சிபால் மேடம் வராங்க. மம்மி ஓகே சொல்லியாச்சு."

ஜூனில் மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்த மேடம், ஃப்ளைட் லெஃப்டினன்ட் நாட்கர்ணியின் மனைவி.

12 நவம்பர்

எழுதிவிடுகிறேன். இருபத்தேழு வருஷமாக எந்த நோட்டிலும் எழுதாதது.

1971 டிசம்பர். மேற்கு எல்லைப் பக்கம் ஒரு விமானத்தளம். நான் கார்ப்பரல், விமானங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பார்த்துத்தான் விமானத்தை விடவேண்டும். உள்ளே மறந்துவிட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் விமானத்தைத் திருப்புகிற கம்பியில் சிக்கினால் போதும், ஓட்டுகிற ஆள் காலி. அன்று எண்ணினேன். ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தது. வெளியே அவசரம், கூச்சல். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டேன். நாட்கர்ணி சார் போனார். திரும்பவில்லை.

இன்னொரு விமானத்தில் கூடப் பறந்தவர் வேறு தளத்தில் போய் இறங்கினார். என்னையும் அன்று மாலையே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். "காணவில்லை" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பிறகு விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. பதில் கிடைத்துவிடுமே என்ற பயம். 79-ல் வேலையை விட்டேன், பட்டறை போட்டேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன் — எல்லாம் அந்தக் கையெழுத்துக்கு மேல் கட்டியது. ஒரு ராத்திரியும் அசந்து தூங்கியதில்லை.

13 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை தாபோடியில் ஒருவரைப் பார்க்கவேண்டும் என்று மனைவி மில்ட்ரெடிடம் சொன்னேன். "யாரை?" என்றாள். ஒரு பெயரும் வாயில் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், சரி. ஒரு பொய்யாவது ஒழுங்காக வரக்கூடாதா?

14 நவம்பர்

சொல்லிவிடுவது. நிக்கோலின் வேலை என்ன ஆகும்? மில்ட்ரெட் என் முகத்தில் விழிப்பாளா? தெரியவில்லை. ஆனால் அந்த அம்மாள் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியாது.

15 நவம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பரிமாறுவதற்கு முன்பே, எல்லோர் முன்னாலும், ஹிந்தியில். மில்ட்ரெட் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"எழுபத்திரண்டு ஜனவரியிலேயே கூடப் பறந்தவர் வீட்டுக்கு வந்து சொல்லிட்டாரே," என்றார். "குண்டு போட்டுட்டுத் திரும்பறப்போ கீழேயிருந்து சுட்டாங்க. இறக்கையில பட்டுத் தீப்பிடிச்சதை அவரே கண்ணால பார்த்திருக்கார். உங்க ஸ்க்ரூடிரைவர் ஒண்ணும் பண்ணலை. இத்தனை வருஷம் நீங்க ஏன் வரலை?"

பயம் என்றேன்.

"கடைசியா அவர் பக்கத்துல நின்னவங்க ஒருத்தராவது வருவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவர் என்ன சொன்னார்?"

விமானத்தில் ஏறி உட்கார்ந்தவருக்கு நான் தோள் பட்டையை இறுக்கியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "இன்பா, மெதுவா. வயித்துக்குள்ளே நாலு பூரி இருக்கு." இதைப் போயா சொல்வது? ஆனால் வேறு எதுவும் இல்லையே. சொன்னேன்.

"பூரியா? எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடறதே இல்லைன்னு சத்தியம் பண்ணி லெட்டர் போட்டிருந்தாரே!" சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல். ஐயோ, எவ்வளவு லேசாக இருக்கிறது! ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

16 நவம்பர்

அந்த ஸ்க்ரூடிரைவர் எங்கே போனதோ. போகட்டும். பொய்க் கையெழுத்துப் போட்டது தப்புதான், அது என்னோடு இருக்கும். ஆனால் நான் யாரையும் கொல்லவில்லை.

மில்ட்ரெட் பேசவில்லை. "இருபத்துநாலு வருஷமா என்கிட்டகூட மறைச்சீங்களே" என்றதோடு சரி. அவள் கோபம் நியாயம்தான்.

29 நவம்பர், ஞாயிறு

காலையில் காப்பியை டக்கென்று வைத்துவிட்டு முறைத்தாள் மில்ட்ரெட். இன்னுமா கோபம் என்று கேட்டேன்.

"ரெண்டு வாரமா குறட்டை விட்டு என்னைத் தூங்க விடமாட்டேங்கிறீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு நாள்கூட நீங்க குறட்டை விட்டதில்லையே. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

வேண்டாம் என்றேன்.