திரையை அணைத்துவிட்டுப் போட்ட லீவு

அன்புள்ள செவ்வந்திக்கு,

பெங்களூரில் நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

பயப்படாதே, ஒரு வாரமாக உன் புருஷன் மனிதக் கணக்கிலேயே இல்லை. லீவு கேட்கும் புது வெப்சைட், பேருந்துப் படங்களைத் தொட்டு மனிதன் என்று நிரூபிக்கச் சொன்னது. நம் மலைக்கு ஏறிவரும் புதூர்நாட்டு ஜீப்பை மூன்று வளைவுக்கு அப்பாலேயே சத்தத்தில் சொல்வேன். படம் பார்க்க எனக்கேது கண்? லீவு இல்லையென்றால் பொங்கலும் இல்லை.

எங்கள் வேலூர்க்கார மேனேஜரின் கம்ப்யூட்டர் திரையை அணைத்தேன். "இப்போ நீங்க அந்த வெப்சைட்டுக்குள்ள போங்க சார்."

"இன்னாப்பா, ஒண்ணுமே தெரியலையே!"

"எனக்குப் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தாங்க."

ஆபீசே சிரித்தது. மறுநாள் படம் ஒழிந்து, போன் படித்துச் சொல்லும் எண்ணைக் கேட்டுத் தட்டும் சோதனை வந்தது. முதல் லீவு எனக்குத்தான்!

நான் வரும்வரை நம் கோழிகளின் சத்தத்தைப் பதிந்து அனுப்பு. அறையில் மின்விசிறி மட்டும்தான் பேசுகிறது. கேண்டீன் மணி அடித்துவிட்டது. போகி அன்று மூன்றாம் வளைவில் ஜீப் சத்தம் கேட்டதும் உலை வை.

உன் பூபாலன்